ரத்து செய்யத் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை

கூட்டங்களை ரத்து செய்யும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் விட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். எட்டு மாதங்களாக அதற்கென்று ஒரு கருவியை நான் பயன்படுத்தி வருவது அவருக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் அடங்கிக் கிடந்த எரிச்சலெல்லாம் மேலே வந்துவிட்டது.

முகவர்கள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான பொது விதிமுறையாக 2024 நவம்பரில் வெளியான எம்சிபி நெறிமுறையின்படி இயங்கும் சிறிய சேவையகம் இது. நாம் சொல்வதைப் புரிந்துகொள்வது முகவரின் வேலை. நாள்காட்டியில் கை வைப்பது மட்டுமே இதன் வேலை. நிறுவுவதும் அனுமதி கொடுப்பதும் மற்றக் கருவிகளைப் போலத்தான் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வாரந்தோறும் நடக்கும் தொடர் கூட்டத்தில் ஒரு நாளை மட்டும் ரத்து செய்யச் சொன்னால் தொடரையே அழித்துவிடுமோ என்றுதான் தொடக்கத்தில் பயந்தேன். தொடருக்கு ஓர் அடையாள எண்ணும் அதன் ஒவ்வொரு நாளுக்கும் வேறோர் அடையாள எண்ணும் இருப்பதால், முகவர் தவறானதை எடுத்துக் கொடுத்தால் வருடம் முழுவதற்குமான கூட்டம் ஒரே நொடியில் காணாமல் போய்விடும். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை. கருவிக்குத் தொடரின் எண் வந்து சேர்ந்தால், அந்த ஒரு நாளா, எல்லா நாள்களுமா என்று நின்று கேட்கிறது. வேறொருவர் கூட்டிய கூட்டத்தை ரத்து செய்யச் சொன்னபோதும், ஏற்பாட்டாளர் நான் அல்ல என்பதால் அது முடியாது என்று நேராகச் சொன்னதே தவிர, என் நாள்காட்டியிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு ‘ரத்து ஆகிவிட்டது’ என்று மழுப்பவில்லை. இந்த ஒழுங்கு எல்லாக் கருவிகளிடமும் இருப்பதில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு நாள் காலை காய்ச்சலோடு படுத்திருந்தேன். “உடம்பு சரியில்லை, இன்றைய கூட்டங்களை ரத்து செய்துவிடு” என்று முகவரிடம் சொன்னேன். மூன்று கூட்டங்களையும் ரத்து செய்துவிட்டு, விரைவில் நலம்பெற வாழ்த்துகள் என்று எனக்கு ஒரு வரியும் எழுதியது. கூட்டத்துக்கு வரவிருந்தவர்களுக்கோ, தலைப்பின் முன்னால் ‘ரத்து’ என்ற சொல்லோடு வெற்று மின்னஞ்சல்தான் போயிருக்கிறது. அவர்களில் ஒருவர் தம் முதல் அறிக்கையை அன்று என்னிடம் காட்டுவதாக இருந்தார்; அவருக்கு அந்த அஞ்சல் கூட்டம் தொடங்க இருபது நிமிடங்கள் இருக்கும்போது கிடைத்திருக்கிறது. மாலையில் தொலைபேசியில் அழைத்து, “சார், நேற்று அனுப்பிய வரைவில் ஏதாவது தப்பாகிவிட்டதா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். காரணத்தை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன், முகவரும் கேட்டுக்கொண்டது. ஆனால் எந்தக் கூட்டம், ஒரு நாளா முழுத் தொடரா என்ற இரண்டைத் தவிர வேறெதையும் வாங்கிக்கொள்ள இந்தக் கருவியில் இடமில்லை. கேட்க வேண்டியவர்களுக்கு மட்டும் காரணம் போய்ச் சேரவில்லை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமும் அல்ல. நாள்காட்டி அழைப்புகள் எப்படிப் பரிமாறிக்கொள்ளப்பட வேண்டும் என்று வகுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5546, ரத்து அறிவிப்போடு ஒரு குறிப்பையும் இணைக்கலாம் என்று 2009-லேயே இடம் விட்டிருக்கிறது. என் நாள்காட்டியை இதுபோன்ற கருவிகள் அணுகும் வழியான மைக்ரோசாஃப்ட் கிராஃபிலும் ரத்து செய்யும் கட்டளையோடு குறிப்பு அனுப்ப ஒரு புலம் இருக்கிறது. உருவாக்கியவர்கள் தரப்பில் சொல்வதற்கும் ஒன்று உண்டு: கூகுள் நாள்காட்டியை மற்ற நிரல்கள் இயக்குவதற்கான ஏபிஐயில் நிகழ்வை நீக்கும் கட்டளைக்கு, யார் யாருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்று சொல்ல வழி இருக்கிறதே ஒழிய, குறிப்பு எழுத வழியில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே வடிவம் வைக்க நினைத்ததால் குறிப்பை விட்டிருப்பார்கள் என்று எண்ணிச் சில நாள் சமாதானம் அடைந்தேன். பிறகு கேட்டு எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்ப்பதாகப் பதில் வந்தது. அதன்பின் இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன. ஒன்றில் அமைப்புகள் பக்கத்தின் நிறம் மாறியிருந்தது.

மின்னஞ்சல் அனுப்பும் அனுமதியையும் முகவருக்குக் கொடுத்துவிட்டால் தனியாக ஓர் அஞ்சலில் காரணத்தை எழுதச் செய்யலாம். ஒரு வரிக் குறிப்புக்காக என் அஞ்சல் பெட்டியின் சாவியையே கொடுக்க எனக்கு மனமில்லை. (ஒப்புதல் கேட்கும் பெட்டியில் கூட்டத்தின் பெயரைக் காட்டாமல், நூறு எழுத்துகளுக்கு மேல் நீளும் அடையாள எண்ணைக் காட்டுவதையும் இந்த இடத்தில் குறைபட்டுக்கொள்ளலாம்; ஆனால் அது பழகிவிட்டது.)

மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு தருவேன். ஆனால் நண்பருக்கு ‘வேண்டாம்’ என்றே எழுதினேன். அவர் விடவில்லை, “அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் மட்டுமே இருக்கும் நினைவூட்டல்களையும், கவனம் சிதறாமல் வேலை பார்ப்பதற்காக ஒதுக்கிய நேரங்களையும் நீக்க இதைவிட வசதியான வழி எனக்குக் கிடைக்கவில்லை என்றேன். இன்னொருவர் பெயர் இருக்கும் எந்தக் கூட்டத்தையும் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இதனிடம் விட்டதில்லை. இன்று காலைகூட ஒன்றை நானே திறந்து, காரணத்தை இரண்டு வரி எழுதி ரத்து செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.