டிகின்டர் டெக்ஸ்ட் விட்ஜெட்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் உருவாக்க உதவும் டிகின்டரில் எழுதிய ஒரு குறிப்பேட்டுச் செயலியைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அதன் டெக்ஸ்ட் விட்ஜெட், அதாவது தட்டச்சு செய்யும் பெட்டி, உரையைக் கையாள்வதில் கெட்டிக்காரன். மார்க் (இடக்குறி), டேக் (உரைத் துண்டுக்கு இடும் அடையாளம்), அன்டூ எதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் உரை மாறிய சேதியைச் சொல்வதில் சரியான அமுக்குணி.

விசையை அழுத்தியதும் வரும் கீ இவென்ட்டில் நம் ஃபங்ஷனை பைண்ட் செய்தால் (இணைத்தால்) அதுதான் முதலில் ஓடும். எழுத்தைச் செருகும் வேலை அதற்கு அடுத்து, எல்லா டெக்ஸ்ட் விட்ஜெட்டுகளுக்கும் பொதுவாக ஏற்கெனவே இருக்கும் கிளாஸ் பைண்டிங்கில் நடக்கிறது. அதனால் அந்த நேரத்தில் உரையைக் கேட்டால் அழுத்திய எழுத்து இல்லாத பழைய உரையே கிடைக்கும். விசையை விட்டதும் வரும் கீரிலீஸுக்கு மாறினால் இது தீரும். ஆனால் மவுஸால் பேஸ்ட் செய்தால் அந்த இவென்ட்டே வராது.

'இன்னும் சேமிக்கவில்லை' என்று காட்ட மாடிஃபைட் இவென்ட்தான் நம்பகமானது. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உரை மாறியதைக் குறிக்கும் கொடி ஒருமுறை ஏறிவிட்டால், நாமாக இறக்கும்வரை அடுத்த மாற்றங்களுக்கு மூச்சே விடாது. சரி, இறக்கினால்? அதற்கும் ஒரு இவென்ட் வரும். ஹேண்ட்லரின் (இவென்ட் வந்ததும் ஓடும் நம் ஃபங்ஷனின்) முதல் வரியிலேயே கொடியைப் பார்த்து, இறங்கியிருந்தால் உடனே திரும்பிவிடுவது நல்லது.

ஸ்க்ரோலிங் தனிக் கூத்து. மவுஸ் சக்கரத்தின் ஒரு நகர்வுக்கு விண்டோஸில் டெல்டா, அதாவது நகர்வின் அளவு, 120 (கீழே உருட்டினால் -120). மேக்கில் பழைய பதிப்புகளில் அது 1, 2 என்று வரும். லினக்ஸில், டிகின்டரின் அடியில் இருக்கும் டிகே நூலகத்தின் 8.6 பதிப்பு வரை சக்கர இவென்ட்டே கிடையாது. பட்டன் 4, பட்டன் 5 என்று வரும். பலரும் எடுத்து ஒட்டும் 'டெல்டாவை 120ஆல் வகு' வரியில் பைத்தானின் முழுஎண் வகுத்தலைப் போட்டு அந்தப் பழைய பதிப்பு உள்ள மேக்கில் ஓட்டிப் பாருங்கள். 1ஐ வகுத்தால் 0, -1ஐ வகுத்தால் -1. பக்கம் கீழே போகும், மேலே வரவே வராது! 'இத்தோடு நிறுத்து' என்று சொல்லும் 'பிரேக்'கை ஹேண்ட்லர் திருப்பாவிட்டால் இன்னொரு தொல்லை: கிளாஸ் பைண்டிங்கும் சேர்ந்து ஓடி இரட்டிப்பாக நகரும்.

வரி எண்களைக் காட்டப் பக்கத்தில் இன்னொரு டெக்ஸ்ட் விட்ஜெட் வைக்காதீர்கள். நீண்ட வரி மடங்கியதும் எண்கள் விலகிவிடும். உரை மேலும் கீழும் நகரும்போது ஓடும் ஒய்ஸ்க்ரோல்கமாண்ட் அழைக்கப்படும் போதெல்லாம், ஒவ்வொரு வரியும் திரையில் எங்கே இருக்கிறது என்று டிலைன்இன்ஃபோவிடம் கேட்டு, கேன்வாஸில் (வரைவதற்கான விட்ஜெட்டில்) எண்களை வரைவதுதான் என்னிடம் நிலைத்தது.

2024இல் வந்த டிகே 9.0 சக்கர இவென்ட்டை எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி ஆக்கியிருக்கிறது. டச்பேடுக்குத் தனி இவென்ட்டும் உண்டு. 8.6இல் இருப்பவர்களுக்காக அந்த பட்டன் பைண்டிங்குகளை நான் இன்னும் நீக்கவில்லை.