பாய்மரத்துக்கு இன்னொரு ஆஞ்சான்: வெளியே விடுவதா, உள்ளே விடுவதா?

பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்குப் பழைய பெயர் ஆஞ்சான். இப்போது ஹால்யார்ட் என்பார்கள். சிறு படகுகள் பலவற்றில் பிரதான பாய்க்கு ஒன்று, முன்பாய்க்கு ஒன்று, அவ்வளவுதான். ஸ்பின்னாக்கர் (பின்காற்றில் படகுக்கு முன்னால் பலூன் போல விரியும் பெரிய பாய்) வாங்கிய பிறகோ, கடலில் ஒரு கயிறு அறுந்து பாய்மரத்துக்குள் விழுந்த பிறகோதான் மூன்றாவது வேண்டும் என்று தோன்றும். உடனே டிரில்லை எடுக்க வேண்டாம். வழிகள் மூன்று உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் மரத்தை வெட்ட வேண்டும்.

முதலில் உச்சியில் எத்தனை கப்பிச் சக்கரங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பல அலுமினிய மரங்களில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இருக்கும், ஒன்று சும்மா கிடக்கும். அப்படி இல்லையென்றாலும், பூமை, அதாவது பிரதான பாயின் அடிவிளிம்பு பிடிக்கும் கிடைக்கம்பத்தைத் தாங்கும் கயிறு பின்பக்கச் சக்கரம் ஒன்றின் வழியாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் அதைக் கழற்றிவிட்டு, ஆஞ்சானுக்கு ஈடான வலுவுள்ள கயிற்றைப் போட்டால் போதும். பிரதான பாய்க்கு மாற்று ஆஞ்சான் கிடைத்துவிடும். பழைய சக்கரம் கம்பிக்காகச் செய்ததா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். கம்பிச் சக்கரத்தின் பள்ளம் குறுகலாக இருக்கும், கயிறு அதில் நசுங்கித் தேயும். சக்கரத்தை மாற்றிவிடுங்கள்.

ஆனால் பின்பக்கச் சக்கரம் ஸ்பின்னாக்கருக்கு உதவாது. அங்கேதான் உண்மையான போட்டி: வெளிக்கயிறா, உள்கயிறா?

வெளிக்கயிறு என்றால், உச்சியில் முன்பக்கம் ஒரு வலுவான வளையம், அதில் சுழலும் கப்பி ஒன்று, மரத்துக்கு வெளியிலேயே கீழே இறங்கும் கயிறு. இதன் பெரிய பலம் அந்தச் சுழற்சி. ஸ்பின்னாக்கர் இடமும் வலமும் மாறி மாறி இழுக்கும் பாய், கப்பியும் அந்தத் திசைக்கே திரும்பிக்கொள்ளும். மரத்துக்குள் பதித்த சக்கரத்தால் திரும்ப முடியாது, கயிறு அந்தச் சக்கரம் உட்காரும் பெட்டியின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். கப்பி முன்கம்பிக்கு (மரத்தைப் படகின் முனையோடு பிடித்து நிறுத்தும் கம்பி) மேலேயும் முன்னாலேயும் இருக்க வேண்டும். கீழே இருந்தால் பாய் திரும்பும் ஒவ்வொரு முறையும் கயிறு கம்பியில் உரசித் தேயும்.

பலர் கோட்டைவிடும் கணக்கு ஒன்று. கயிற்றில் 200 கிலோ இழுப்பு இருந்து, அதை மரத்தின் அடியில் கட்டினால், உச்சிக் கப்பிக்கு வரும் சுமை ஏறத்தாழ 400 கிலோ. கயிறு மேலே போய் அப்படியே கீழே திரும்புகிறதே, இரண்டு பக்கமும் இழுக்கிறது. கப்பி, ஷேக்கிள் (கப்பியை வளையத்தோடு மாட்டும் உலோகக் கொக்கி), வளையம் மூன்றையும் இந்த இரட்டைச் சுமைக்குத்தான் வாங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. காற்றில் மரத்தோடு தட்டித் தட்டி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். வெயிலில் முழுக்கக் காய்வதால் சீக்கிரம் நைந்துபோகும். தட்டலுக்கு மருந்து எளிது: படகை நிறுத்தியதும் கயிற்றைப் பக்கக் கம்பியோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். முன்பாய் ஃபர்லரில் (பாயை முன்கம்பியைச் சுற்றிச் சுருட்டும் கருவி) சுருளும் படகு என்றால், வெளியே தொங்கும் கயிறு அதோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளாதபடி தள்ளிக் கட்டுவதும் கட்டாயம்.

உள்கயிறு பார்க்க அழகு, சத்தமும் குறைவு, காற்றுத் தடையும் இல்லை. விலை மரத்தின் உடம்பில் கொடுக்க வேண்டியிருக்கிறது. உச்சியில் காலிச் சக்கரம் இருந்தால் கீழே கயிறு வெளியேற ஒரு வாய் வெட்டினால் போதும். இல்லாவிட்டால் மேலே சக்கரப் பெட்டிக்கும் ஒரு துளை, ஆக இரண்டு வெட்டு. எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வாய்களின் அதே உயரத்தில் இன்னொன்றை வெட்டவே கூடாது, அந்த உயரத்தில் மரத்தின் சுற்றளவு முழுவதும் பலவீனமாகிவிடும். ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகத் தள்ளி வையுங்கள். ஸ்பிரெடர் (பக்கக் கம்பிகளை மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் குறுக்குத் தண்டு) அடி, பூம் பொருந்தும் இடம், மரம் டெக்கைத் தாண்டும் இடம் ஆகியவற்றை விட்டு விலகுங்கள். வாய் நெடுக்காக, ஒடுக்கமாக இருக்கட்டும். முனைகளில் முதலில் வட்டத் துளை போட்டு, பிறகு நடுப்பகுதியை அறுங்கள். சதுர மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

வெட்டிய ஓரத்தை அரத்தால் வழவழப்பாக்கி, உள்ளே விழுந்த உலோகத் துகள்களை வெளியேற்ற வேண்டும். வாயின் மேல் பொருத்தும் எஃகுத் தகட்டை அலுமினியத்தில் நேரடியாக ரிவெட் அடித்தால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் அரிப்புத் தடுப்புப் பசை பூசி, மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் போடுங்கள்.

எனக்கு உள்கயிற்றில் மிகவும் பயம் தருவது வெட்டு அல்ல, சிக்கல்தான். உள்ளே விளக்கு ஒயர்களும் மற்றக் கயிறுகளும் இருக்கின்றன. புதுக்கயிறு அவற்றைச் சுற்றிக்கொண்டால், பலமான காற்றில் பாயை இறக்க வேண்டிய நேரத்தில் இறங்காது. அதனால் முதலில், புதுக்கயிற்றைப் பின்னால் இழுத்துக்கொள்ள மெல்லிய வழிக்கயிறு ஒன்றை அனுப்புங்கள். மரம் நிற்கிறது என்றால் நுனியில் சிறு சங்கிலித் துண்டைக் கட்டி இறக்கலாம். படுத்திருந்தால் மற்றக் கயிறுகளை இறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நுழையுங்கள். அப்புறம் எல்லாக் கயிறுகளையும் ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசைந்தால், வழிக்கயிற்றை உருவிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கார்பன் மரம் என்றால் வெட்டும் வேலையை மரம் செய்பவரிடமே விட வேண்டும்.

ஸ்பின்னாக்கருக்கு என் தேர்வு வெளிக்கயிறுதான், மரம் படுத்திருந்தாலும்கூட. இரண்டாவது முன்பாய்க்கு நிரந்தரமாக ஒன்று வேண்டும், மரமும் இறக்கியிருக்கிறது என்றால் உள்கயிறு. அப்போது வெளியேறும் வாயைத் தலைக்கு மேல், நின்றபடி இரண்டு கையாலும் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் வையுங்கள். உடம்பின் எடையைப் போட்டு இழுக்க அந்த உயரம்தான் வசதி.