கேட்ரிட்ஜா, டவுன்லோடா? எங்கள் வீட்டு வழக்கு

டிவிக்குக் கீழே ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது. பெட்டியில் மூடிக் கிடந்த என் பழைய வீடியோ கேம் கன்சோலை அதில் வைப்பதா, மகள் கேட்ட புதியதை வைப்பதா என்று இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் பழையது தட்டில் ஏறியது, புதியது அவள் மேசைக்குப் போனது. ஆறு மாதமாக இரண்டும் ஒரே வீட்டில் ஓடுகின்றன. எனக்கு 43 வயது, அவளுக்கு 14. நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கட்சி.

படம், ஒலி, சுற்றித் திரிய இருக்கும் பரப்பு என்று எதை எடுத்தாலும் புதியதுக்குத்தான் வெற்றி, அதில் பேச்சே இல்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட்தான். 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கணினியில் 150 ஜிபி இடம் கேட்கிறது. பழையதில் ஸ்விட்சைத் தட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். புதியதில் அப்டேட் இறங்கி முடிவதற்குள் எனக்கு ஆசையே போய்விடும்.

“எங்க காலத்து கேம் எல்லாம் கஷ்டம், இப்போதைய பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது” என்பது என் வயதுக்காரர்களின் நிரந்தரப் பாட்டு. நானும் பாடியவன்தான். 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன், 1989ஆம் ஆண்டின் நின்டெண்டோ டெட்ரிஸை 157ஆம் லெவல் வரை இழுத்துப்போய், மேலே ஓட முடியாமல் கேமையே உறைய வைத்தான். அந்த கேமை அதற்குமுன் எந்த மனிதரும் அந்த நிலைக்குக் கொண்டுபோனதில்லை. இதில் சுவாரசியம், இன்றைய ஆட்டக்காரர்கள் கன்ட்ரோலரைப் பிடிக்கும் விதம். கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டுகிறார்கள். எங்களில் யாருக்கும் தோன்றாத வித்தை. அன்றிலிருந்து பொறுமைப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பழைய கேம் என்றால் எங்களுக்கு நினைவு. மகளுக்கு அப்படி இல்லை. என் கேட்ரிட்ஜை (கேம் உள்ளே இருக்கும், கன்சோலில் செருகும் பிளாஸ்டிக் பெட்டி) முதல்முறை போட்டதும், “செலஸ்டே மாதிரியே வரைஞ்சிருக்காங்கப்பா” என்றாள். செலஸ்டே என்ற கேம் 2018இல் வந்தது! கட்டம் கட்டமான படம் எங்களுக்கு அன்றைய இயந்திரத்தின் இயலாமை. அவளுக்கு அது ஒரு ஓவியப் பாணி. நடுவில் 31 வயது மைத்துனன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ரெட்ரோ, அதாவது பழைய காலத்து கேம், என்றால் பிளேஸ்டேஷன் 2தான். அதைக் கேட்டால் எனக்குத்தான் வயது கூடுகிறது.

சரி, என்னைப் பழைய கட்சியில் நிறுத்தியது பராமரிப்பு. அதுவும் ஒரு பேட்டரி.

அந்தக் காலத்தில் சேவ் வசதி உள்ள கேட்ரிட்ஜ் பலவற்றில், சேமித்ததைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரிதான். அது தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேவ் மட்டும் நிற்காது. 1999இன் போகிமான் கோல்டு, சில்வர் போல உள்ளே கடிகாரமும் ஓடினால் இன்னும் சீக்கிரம் தீரும். என்னுடையதைப் போட்டுப் பார்த்தபோது மூன்று சேவ் இடமும் காலி. பள்ளி விடுமுறை ஒன்று முழுதாகப் போயிருந்தது.

திருகைக் கழற்ற சாதாரண ஸ்க்ரூடிரைவர் உதவாது, இந்தத் திருகுக்கென்றே இருக்கும் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற கருவி வேண்டும். பழைய பேட்டரியின் தகட்டை சால்டரிங் அயர்னால் சூடாக்கி விடுவித்தேன். இரு பக்கமும் தகடு வைத்தே விற்கும் சிஆர் 2032 பேட்டரி ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து வைத்தேன். (வெறும் பேட்டரி மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும்.) மூட்டி, இருபது நிமிடம் ஆடி, சேவ் செய்து, அணைத்து, பத்து வரை எண்ணி மறுபடி போட்டேன். சேவ் இருந்தது.

புதியதில் இந்த வேலைக்கு வழியே இல்லாத கேம்கள் உண்டு. 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு கட்டாயம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர் கையில் மிஞ்சியது வெறும் தட்டு. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ (கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கம். என் கேட்ரிட்ஜ் என் கையில் கெடுகிறது, நானே திறந்து பார்க்கலாம். சர்வரைத் திறக்க எந்த ஸ்க்ரூடிரைவரும் கிடையாது.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. பழையது நிலைக்கும் என்பது ஏற்கனவே வைத்திருப்பவர் பேச்சு. அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. இன்னொன்று, டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் கேமின் துப்பாக்கி. பழைய குண்டு டிவியின் ஒளியை நம்பிச் செய்த சாமான் அது, தட்டை டிவியில் வேலை செய்யாது. முன்பின் தெரியாதவர்களோடு ஆன்லைனில் மோதும் ஆட்டங்களை நான் மொத்தமாக நான்கைந்து மாலைதான் ஆடியிருப்பேன், அதனால் அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

அந்தப் பக்கத்துக்கு மகள்தான் சாட்சி. போன வருடம் அவள் ஆடிய ஒரு கேமை மூடினார்கள். கடைசி இரவில் அவளும் தோழிகளும் யாரையும் சுடாமல், தங்கள் பொம்மைகளை ஒரு படகுத்துறையில் உட்காரவைத்து, இணைப்பு அறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். “கேம் போனதுக்கு நான் அழலப்பா. நாங்க சந்திக்கிற இடம் போச்சு” என்றாள். இதற்கு என் பேட்டரி வாதத்தில் பதில் இல்லை. என் கேட்ரிட்ஜுக்குள் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

ஆனாலும் தட்டில் இருப்பதை நான் மாற்றவில்லை. இரண்டாவது கேட்ரிட்ஜுக்கு அவளே ஈயம் வைத்தாள். தகடு கோணல்தான். சேவ் நிற்கிறது.