அம்பாசிடர் பானட்டுக்குள் பழைய போல்ட்: காயலான் கடையா, பழைய ஸ்டாக்கா, புது கிட்டா?

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அம்பாசிடரைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர நினைப்பவர், போல்ட் தேடிக் கிளம்புமுன் மரை அளக்கும் த்ரெட் கேஜ் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அந்த இன்ஜின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த பி-சீரிஸ். அதில் பெரும்பாலும் யு.என்.எஃப். (யூனிஃபைடு ஃபைன்) மரைதான். அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948-ல் சேர்ந்து ஒப்புக்கொண்ட அங்குலக் கணக்கு அது. இரண்டு நூல், அதாவது கால் அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 28 மரை. இரண்டரை நூலிலும் மூன்று நூலிலும் 24. இரண்டரை நூல் என்றால் 7.94 மில்லிமீட்டர், பார்வைக்கு 8 எம்.எம். போல்ட்டேதான். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் கிடைக்கும் 8 எம்.எம். போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ., இதில் 1.06. கையால் கொஞ்சம் ஏறும், அப்புறம் இறுகும். "டைட்டா இருக்கு, அவ்வளவுதான்" என்று ஸ்பேனர் போட்டு இழுத்தால் பிளாக்கில் இருக்கிற மரை காலி.

பத்மினிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஃபியட் மெட்ரிக். 10 எம்.எம். போல்ட்டின் பழைய தலைக்கு 17 ஸ்பேனர், புதிய ஐ.எஸ்.ஓ. தலைக்கு 16, அதை மட்டும் பார்த்து வாங்கினால் போதும். 1990-களில் வந்த இசுசூ இன்ஜின் அம்பாசிடரும் இந்த அங்குலக் கணக்கில் வராது.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் பாலக்காடு, ஒரு பக்கம் பொள்ளாச்சி, வேலந்தாவளம் தாண்டினால் கோவை. மூன்று ஊரிலும் மூன்று விதமான சரக்கு.

முதலில் கோவை உக்கடம் பக்கத்துக் காயலான் கடைகள். உதிரி போல்ட் டப்பாவைக் கிளறுவதைவிட, முழுசாகக் கிடக்கும் அம்பாசிடர் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பார்த்து அதிலிருந்து கழற்றித் தரச் சொல்வது மேல். எந்தப் போல்ட் எந்த இடத்து நீளம் என்பது அப்போதுதான் தெரியும். தலையின் மேல் வட்டமாக ஒரு குழிவு இருந்தாலோ, பக்கவாட்டில் ஒன்றையொன்று தொட்டபடி சின்னச் சின்ன வட்டங்கள் பதிந்திருந்தாலோ அது பழைய பிரிட்டிஷ் யூனிஃபைடு போல்ட். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மற்றதற்கெல்லாம் ஒரு நல்ல நட்டைப் பையில் வைத்திருந்து கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால், இழுத்து இழுத்து மரை நீண்டுபோன போல்ட். எடைக்கு வாங்கினால் மலிவு. என்ன தேடுகிறீர்கள் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிட்டால் எடைக்கணக்கு போய் பீஸ் கணக்கு வந்துவிடும், அதுவும் நியாயம்தான். ஒன்று மட்டும்: ஸ்டியரிங், பிரேக், கனெக்டிங் ராடு போல்ட்களை இங்கே வாங்கவே கூடாது. அதில் பழமை பார்ப்பது வேண்டாத வேலை.

பழைய ஸ்பேர்ஸ் கடை வேறு ரகம். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடைகளில், மேல் பரணில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய பொட்டலங்கள் இன்னும் கிடக்கின்றன. "அம்பாசிடருக்குப் போல்ட் இருக்குங்களா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்வார்: "வண்டி பேரைச் சொல்லாதீங்க தம்பி. எத்தனை நூல், என்ன மரை, எவ்வளவு நீளம், அதைச் சொல்லுங்க." அப்படிக் கேட்டால் டிராக்டர் பெட்டியிலிருந்தோ லாரி பெட்டியிலிருந்தோ சரியான போல்ட் இறங்கும். தலையில் டி.வி.எஸ். என்று பதிந்திருந்தால் நான் விடமாட்டேன். சென்னை பாடியில் 1960-களில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் முத்திரை அது. எழுபதுகளின் மார்க் 2, மார்க் 3 வண்டிக்கு இங்கிலாந்து முத்திரையைவிட அதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

இங்கிலாந்து முத்திரை என்றதும் கிட் ஞாபகம் வருகிறது. பி-சீரிஸ் இன்ஜின் எம்.ஜி. கார்களிலும் இருந்ததால், அங்கே இன்ஜின் போல்ட் செட்டாகவே கிடைக்கிறது. மரை சரியாக இருக்கும், தரமும் நன்றாக இருக்கும். ஆனால் கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்ந்து போல்ட் விலையைத் தாண்டிவிடும். இன்ஜின் மட்டும்தான் பொது என்பதால் பாடியில் மாட்டும் பிராக்கெட்டுக்கும் கிளாம்புக்கும் அந்த செட் உதவாது. மேனிஃபோல்டுக்கான கனத்த அகல வாஷர், பித்தளை நட்டு, ராக்கர் கவரின் மேலே இரண்டு நட்டுக்கும் அடியில் உட்காரும் கிண்ண வாஷர், அதன் ரப்பர் புஷ், இவற்றை மட்டும் தனியாக வரவழைக்கலாம். உள்ளூரில் இவை ஒழுங்காகக் கிடைப்பது அரிது.

அடுத்தது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட். பாலக்காட்டு மழைக்குத் துருவே பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள், உண்மைதான். ஆனால் பானட்டைத் திறந்ததும் கல்யாண மண்டபத்து எவர்சில்வர் அண்டா வரிசைபோல மின்னும். அழகு போகட்டும், பலத்துக்கு வருவோம். தலையில் ஏ2-70 என்று இருக்கும் எஸ்.எஸ். போல்ட், 8.8 என்று பதித்த சாதாரண இரும்பு போல்ட்டைவிட மென்மையானது, எஸ்.எஸ். நட்டோடு சேர்ந்தால் சில நேரம் மரை கவ்விக்கொண்டு கழற்றவே விடாது. நம்பர் பிளேட்டுக்கு வேண்டுமானால் போடலாம்.

இத்தனை கடையும் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்: வண்டியிலிருந்து கழற்றிய போல்ட்டையே திரும்ப மாட்டுவது. நீளமும் சரி, தலையும் சரி, முத்திரையும் சரி. துருவை எடுக்க வயர் பிரஷ் சக்கரத்தில் பிடித்தால் தலையில் உள்ள எழுத்தும் சேர்ந்து தேயும். சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறப்போட்டால் துரு மட்டும் போகும். அப்புறம் கோவையில் பிளேட்டிங் பட்டறைக்குக் கொடுக்கலாம். சின்னச் சாமான்களை டிரம்மில் போட்டுச் சுழற்றித்தான் ஜிங்க் ஏற்றுவார்கள். உங்களுடையதோடு வேறு யாருடைய போல்ட்டும் கலக்கும். எனவே கொடுக்கும்போதே எண்ணி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச எடை கேட்பார்கள், இன்னொரு வண்டிக்காரரோடு சேர்ந்து போனால் அது தீர்ந்தது.

மஞ்சள் பாலிஷா வெள்ளையா என்று பட்டறையில் கேட்பார்கள். பலரும் பளபளப்புக்கு மயங்கி மஞ்சள் என்று சொல்லிவிடுகிறார்கள். விடை வண்டியிலேயே இருக்கிறது: யாரும் பிரிக்காத ஒரு பிராக்கெட்டைக் கழற்றி, வாஷர் மறைத்திருந்த வளையத்தைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த நிறம் அங்கே அப்படியே இருக்கும். 10.9-க்கு மேல் கடினமான போல்ட் என்றால், பிளேட்டிங் முடிந்த கையோடு சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் சூடேற்றித் தரச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆசிட் குளியலில் உள்ளே புகுந்த ஹைட்ரஜன், போல்ட்டைப் பின்னால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடைத்துவிடும். பட்டறையில் சூளை இல்லையென்றால் அந்தப் போல்ட்டை மட்டும் பிளேட்டிங் செய்யாமல் எண்ணெய் தடவி அப்படியே மாட்டுங்கள்.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரிலும் ரெகுலேட்டரிலும் உள்ள பொடி ஸ்க்ரூக்கள் தனிக் கதை. அவை பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. 2 பி.ஏ. என்பது 4.7 மி.மீ.; 5 எம்.எம். நட்டு அதில் லொடலொடவென்று ஏறி, வண்டி ஓடும் அதிர்வில் கழன்று விழும். இதற்கு ஆட்டோ கடை ஏற வேண்டாம். பழைய ரேடியோ, மீட்டர் ரிப்பேர் செய்த எலக்ட்ரிக் கடைகளில் பி.ஏ. ஸ்க்ரூ இருக்கும். பிளஸ் தலை வேண்டாம், நேர்கோடு வெட்டிய தலைதான் அந்தக் காலத்தது. அங்கேயும் இல்லையென்றால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். நாலைந்து ஸ்க்ரூவுக்கு அது கட்டுபடியாகும், வண்டி முழுக்கச் செய்தால் கட்டாது.

ஹோஸ் கிளிப்பில் மட்டும் எனக்குப் பிடிவாதம் குறைவு. 1921-ல் வந்த ஜூபிலி கிளிப் வகையில், பட்டையில் மரை அழுத்திப் பதிந்திருக்கும், ஓட்டை விழுந்திருக்காது. இப்போதைய மலிவு கிளிப்பில் பட்டை முழுக்க ஓட்டை, இறுக்கும்போது ரப்பரை அறுக்கும். ஓட்டையில்லாத கிளிப் பொள்ளாச்சிப் பழைய கடையில் இரண்டு கிடைத்தால் மேல் ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடுங்கள். கீழ் ஹோஸ் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நல்ல தரமான புதுக் கிளிப் இருந்தால் போதும்.