நெட்டி முறிப்பு, உடற்பயிற்சி, மாத்திரை: முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் எது கைகொடுக்கும்?

கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தி நெட்டி முறிக்கும் சிகிச்சை, என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு அது கைகண்ட வைத்தியம், மற்றதற்குச் சுத்த ஏமாற்று. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் இதைத் தொடங்கியபோது, முதுகெலும்புகள் இடம் பிசகுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்றார். அந்தக் கொள்கை ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆனால் முதுகைச் சட்டென்று அழுத்தித் தள்ளிவிட்டால் வலி குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்குத் தரமான ஆய்வுகள் இருக்கின்றன.

இடுப்புவலியில் எனக்கு மிகவும் பிடித்தது 1998-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வு. 321 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்குக் கைரோபிராக்டிக், சிலருக்கு மெக்கென்சி முறை என்ற பயிற்சி சார்ந்த பிசியோதெரபி, மீதிப்பேருக்கு முதுகுவலியை விளக்கும் ஒரு சிறு கையேடு, அவ்வளவுதான். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. சங்கடம் என்னவென்றால், கையேட்டை விட அவை முந்தியது மயிரிழைதான். இரண்டாண்டுச் செலவைப் பார்த்தால் கைரோபிராக்டிக்குக்கு 429 டாலர், பிசியோதெரபிக்கு 437, கையேட்டுக் குழுவுக்கு 153.

பிற்பாடு வந்த ஆய்வுகளும் இதைப் பெரிதாக மாற்றவில்லை. நாள்பட்ட இடுப்புவலி பற்றிய 47 சோதனைகளைத் திரட்டி 2019-இல் வந்த அலசல், நெட்டி முறிப்பு மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்குச் சமம் என்றது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு இதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. இடுப்புப் பட்டைக்கும் இழுவைச் சிகிச்சைக்கும் கொடுக்கவில்லை.

மாத்திரையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. புதிதாக வந்த இடுப்புவலிக்குப் பாராசிட்டமால் கொடுத்து 1,652 பேரிடம் நடத்திய சோதனையில் (2014), மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுங்கியவர்களும் அதே வேகத்தில்தான் குணமானார்கள். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிக்கும் 2023-இல் அதே கதிதான்.

நெட்டி முறிக்கும்போது கேட்கும் அந்த 'டக்' சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விரல் கணுவை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. மூட்டுத் திரவத்துக்குள் திடீரென ஒரு வாயுக்குழி தோன்றும் நொடியில்தான் சத்தம் கேட்கிறது. எதுவும் நேராவதில்லை. ஆனாலும் அந்தச் சத்தமும், கை படுவதும், ஒருவர் அரைமணி நேரம் நம் வலியைக் காதுகொடுத்துக் கேட்பதும் மனதுக்குள் வேலை செய்யும். ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை தரலாம், நோயாளிக்குத் தெரியாமல் வெற்று நெட்டி முறிப்பை எப்படித் தருவது? இந்தத் துறை ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தப் பலவீனம் உண்டு.

கழுத்துக்கு வந்தால் என் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. 2012-இல் 272 பேரை வைத்து நெட்டி முறிப்பு, மருந்து, வீட்டுப் பயிற்சி மூன்றையும் மோதவிட்டார்கள். மருந்தை நெட்டி முறிப்பு தோற்கடித்தது. ஆனால் வீட்டுப் பயிற்சியை அதனால் தெளிவாக முந்த முடியவில்லை. அந்தப் பயிற்சி என்ன பிரமாதம் என்றால், ஒன்றுமில்லை: கழுத்தையும் தோளையும் மெல்ல அசைக்கும் சில அசைவுகள், ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்துத் தடவை, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு வேளை வரை. கற்றுக்கொள்ள ஒரு மணி நேர வகுப்பு இரண்டே இரண்டு.

கழுத்தை வெடுக்கென்று திருப்புவதில் ரத்தநாளம் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்ற அச்சமும் இருக்கிறது. மிக மிக அரிது. 2008-இல் கனடாவின் ஒண்டாரியோவில் நடந்த பெரிய ஆய்வில், கைரோபிராக்டரிடம் போனவர்களுக்குப் பக்கவாதத்தோடு தெரிந்த தொடர்பு, குடும்ப மருத்துவரைப் பார்த்தவர்களுக்கும் தெரிந்தது. அதாவது, நாளம் ஏற்கெனவே கிழிய ஆரம்பித்து, அந்த வலியோடுதான் பலர் சிகிச்சைக்கே போயிருக்கலாம். இருக்கட்டும். அதே பலன் வீட்டில் உட்கார்ந்தபடி கிடைக்கும்போது, அரிதான ஆபத்தைக்கூட நான் விலை கொடுத்து வாங்க மாட்டேன்.

  

இடுப்புவலி போனால் போதாது, திரும்பாமலும் இருக்க வேண்டும். அண்மையில் குணமான 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திய நடைப்பயிற்சிச் சோதனையில் (2024), அன்றாட வேலையை முடக்கும் வலி திரும்ப வர நடந்தவர்களுக்கு 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112. கைரோபிராக்டிக் தரப்பிலும் ஒரு பதில் உண்டு. 2018-இல் ஸ்வீடனில் 328 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் சிகிச்சை கொடுத்தார்கள். வலி வந்தால் மட்டும் போன மற்றக் குழுவை விட, இவர்களுக்கு ஓராண்டில் ஏறக்குறைய 13 நாள் தொல்லை குறைந்தது. ஆனால் ஆரம்பச் சில சிகிச்சைகளிலேயே நன்றாகத் தேறியவர்களை மட்டும்தான் அதில் சேர்த்தார்கள். ஆகவே, முதல் நாளே எக்ஸ்ரேயைக் காட்டி ஒரு வருஷத்துக்குப் பேக்கேஜ் போடச் சொன்னால், அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. நாலைந்து தடவை போயும் மாற்றம் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.