இடப்பக்கமே ஒதுங்கும் டிரெட்மில் பெல்ட்

என்னிடம் இருக்கும் அதே டிரெட்மில் விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். மோட்டாரின் குதிரைத்திறன், தாங்கும் எடை, சாய்வு எல்லாம் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. அவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் முழுவதும் பெல்ட்டின் மீதுதான்.

அது இடப்பக்கம் ஒதுங்குகிறது. சரிசெய்தால் சில வாரங்கள் நடுவில் ஓடும். பிறகு வலப்பக்கம் பெல்ட்டுக்கு அடியிலுள்ள பலகை விரலகலத்துக்குத் தெரியும். இடப்பக்க விளிம்பு பிளாஸ்டிக்கை உரசி, விட்டுவைத்தால் நூல் நூலாகப் பிரியும். தரை மட்டமாக இல்லாவிட்டாலும், ஓடுபவர் ஒரு காலை அழுத்தி ஊன்றினாலும் இப்படி ஆவதுண்டு. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன், தரை சரியாகவே இருக்கிறது. வீட்டில் யார் ஓடினாலும் இடப்பக்கம்தான்.

சரிசெய்யும் முறை எளிது. பின்பக்க உருளையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு போல்ட் இருக்கும். பெல்ட்டை ஆளில்லாமல் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, ஒதுங்கும் பக்கத்துப் போல்ட்டை ஆலன் சாவியால் (அறுகோண முனையுள்ள சாவி) வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். பெல்ட் உடனே நகராது, ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இன்னும் திருப்பினால் மறுபக்கம் போய்விடும். எப்போதும் ஒரே போல்ட்டையே இறுக்கிக்கொண்டு போகவும் கூடாது. பெல்ட் விறைத்து, உருளையின் பேரிங்கும் மோட்டாரும் சேர்ந்து அவதிப்படும். அதனால் ஒருமுறை இடதை இறுக்கினால், அடுத்தமுறை வலதைத் தளர்த்துகிறேன். இறுக்கம் சரியா என்று அறிய, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு நடுவில் பெல்ட்டின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தால் 5 முதல் 7 சென்டிமீட்டர் எழ வேண்டும்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது போல்ட் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான். பிளாஸ்டிக் மூடிக்குள் ஆழமாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். கால் சுற்று முடியும் முன்பே சாவி மூடியில் இடிக்கும். உருவி எடுத்து மறுபடி செருக வேண்டும். அதுவும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, உருளைக்கு அருகே விரல்களை வைத்துக்கொண்டு! குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பாமல் நான் அந்தச் சாவியைத் தொடுவதே இல்லை. அந்த மூடியை வடிவமைத்தவர் ஒருமுறையாவது தன் கையால் அந்தப் போல்ட்டைத் திருப்பியிருக்க வேண்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சிலிகான் எண்ணெய் செய்யும் வேலை என்னை உண்மையிலேயே வியக்கவைத்தது. பெல்ட்டின் அடிப்பக்கம் பலகையோடு உராய்ந்துகொண்டே ஓடுகிறது. காய்ந்துவிட்டால் பாதம் பதியும் ஒவ்வொரு முறையும் பெல்ட் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தை வெல்ல மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும்; அதனால் எழும் சூடு, மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் போர்டு வரை போகும். பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினால் வழுவழுப்பு விரலில் தெரிய வேண்டும். வெறும் தூசி வந்தால், உலர்ந்த துணியை உள்ளே விட்டுத் துடைத்துவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் இடவலம் இருபுறமும் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, மெதுவாக ஓடவிட்டால் போதும். உறுமல் அடங்கி, காலடிச் சத்தம் மட்டும் மிஞ்சும். வீட்டில் இருக்கிறதே என்று தையல் இயந்திர எண்ணெயையோ, துருவுக்குத் தெளிக்கும் திரவத்தையோ ஊற்றிவிடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பெல்ட்டையே கெடுத்துவிடும். மெழுகு பூசிய பலகையோடு வரும் சில இயந்திரங்களுக்கு எண்ணெயே கூடாது. கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். என் கையேட்டில் திரையின் பொத்தான்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம், எண்ணெய்க்கு ஒரே ஒரு வரி.

மோட்டார் மூடியைக் கழற்றித் தூசி உறிஞ்சுவது பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மின்இணைப்பைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்துச் செய்தால் சரி.

இவ்வளவு நன்றாக உழைக்கும் இயந்திரம்தான். இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேறு எதைப் பார்க்கப் போனாலும் திரையை விட்டுவிட்டுப் பின்பக்கம் குனிந்து, அந்த இரண்டு போல்ட்டுகளில் சாவி தடையில்லாமல் சுற்றுகிறதா என்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.