பிடிஎஃப், வேர்ட் படிவம்: கடைக் கணினிக்கு எந்த உலாவி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கொமினிகேஷன் கடைக் கணினியில் நாள் முழுக்க இறங்குவது பெரும்பாலும் இரண்டு வகைதான்: கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப், வேர்ட் விண்ணப்பப் படிவம். அப்படியான கணினிக்குப் பயர்பாக்ஸ்தான் தோது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு.

அதிகம் குழப்புவது எட்ஜ். அதன் தரவிறக்க அமைப்பில், ஓபிஸ் கோப்புகளை உலாவியிலேயே திறக்கும் தெரிவு போட்டிருந்தால், வேர்ட் படிவம் மைக்ரோசொஃப்டின் இணையப் பார்வைக்குள் திறக்கும். யூனிகோட்டில் அடித்த படிவமென்றால் பிரச்சினையில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில் அடித்ததென்றால் கதை கந்தல். அந்த எழுத்துரு அங்கே இல்லாததால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் வரும். மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். கோப்பு பழுதென்று நினைத்து மறுபடி மறுபடி இறக்கினால் டேட்டாதான் போகும். அந்தத் தெரிவை நிறுத்தி, கோப்பைச் சேமித்து, பாமினி நிறுவிய கணினியின் வேர்டில் திறவுங்கள்.

குரோமில் பிடிஎஃப்புக்கு ஒரே ஆளி: தனியுரிமைப் பகுதியில், தள அமைப்புகளுக்குள், ‘கூடுதல்’ பிரிவில் இருக்கும். தாவலில் திறப்பதா, இறக்குவதா என்று கேட்கும். தாவலில் திறக்கச் சொல்லியிருந்தாலும், தளம் கோப்பை ‘இணைப்பு’ (attachment) என்று அறிவித்து அனுப்பினால் குரோம் இறக்கியே விடும். அது உலாவியின் பிழையல்ல. சில வகைகளை ‘எப்போதும் திற’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அமைப்புகளில் ஒன்றை மட்டும் நீக்க வழியில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அழிக்கலாம்.

பயர்பாக்ஸில் பொது அமைப்புகளுக்குள் கோப்பு வகைகளின் பட்டியலே உண்டு. ஒவ்வொரு வகைக்கும் சேமி, கேள், வேறு மென்பொருளில் திற என்று தனித்தனியாகக் குறிக்கலாம்; பிடிஎஃப் போன்ற சிலவற்றுக்குப் பயர்பாக்ஸில் திற என்றும் குறிக்கலாம். பட்டியலில் இல்லாதவற்றுக்கு ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று போட்டுவிடுவது நல்லது.

வில்லங்கம் எதுவென்றால், 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து, திறந்து மட்டும் பார்த்த இணைப்புக் கோப்பும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் தங்கிவிடுகிறது. வாடிக்கையாளர் மின்னஞ்சலிலிருந்து திறந்து பிரிண்ட் எடுத்த அடையாள அட்டைப் பிரதியும் அங்கேயே கிடக்கும். கடை பூட்டுமுன் அந்தக் கோப்புறையையும் மறுசுழற்சித் தொட்டியையும் காலியாக்குங்கள்.

எந்த உலாவியானாலும், மின்வெட்டில் நின்றுபோன தரவிறக்கத்தின் பெயர் விகுதியை (.part போன்றதை) மாற்றித் திறக்கப் பார்க்காதீர்கள். உள்ளே பாதிக் கோப்புதான் இருக்கும். உலாவியில் தரவிறக்கத்தைத் தொடர வேண்டும், முடியாவிட்டால் மீண்டும் இறக்க வேண்டும்.